ரீடெய்ல் என்றால் வெட்டு

இன்று காலை கடையில் எல்லோருக்கும் புதுப் பெயரட்டை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. என் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் 'ரீடெய்ல் அசோசியேட்' என்று அடித்திருக்கிறது. இத்தனை வருடமாக நாம் 'துணி வெட்டுற ஆன்ட்டி'தான். நீ போன பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, பார். சம்பளம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

அந்த ரீடெய்ல் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு உன் நினைவு வந்தது. நினைவு வந்தது என்று அழகாக எழுதுகிறேன், உண்மையில் வந்தது எரிச்சல். அட்டையைக் குத்திக்கொள்ளாமல் பையில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய் நின்றேன். மேற்பார்வைப் பெண் வந்து "அட்டை எங்க ஆன்ட்டி?" என்று கேட்ட பிறகுதான் குத்தினேன்.

உனக்கு நினைவிருக்கும், அந்தப் பயிற்சி நாள். முதலாளி ஓய்வெடுக்கப் போய், மகன் கடையைக் கையில் எடுத்திருந்த நேரம். மூன்றாம் மாடியில் துணி உருளைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டு, எங்கிருந்தோ ஒரு பயிற்றுநரை வரவழைத்திருந்தான். கோட்டு போட்ட பெண். பளிச்சென்று சிரித்தாள். எடுத்த எடுப்பிலேயே, ரீடெய்ல் என்ற சொல் எங்கே பிறந்தது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீதான் கை தூக்கினாய். மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பது என்றாய். அது பொருள், நான் கேட்டது பிறப்பு என்று சொல்லிவிட்டு அவளே விளக்கினாள். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'மறுபடி வெட்டுவது'. பெரிய துணியிலிருந்து வேண்டிய அளவு வெட்டிக் கொடுப்பதுதான் முதல் ரீடெய்ல். டெய்லர் என்ற சொல்லும் அதே வேர்தானாம்.

உனக்கு வந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் தொடையில் கிள்ளினாய். "அப்ப இந்தக் கடையில நாம ரெண்டு பேருதான் லா ரீடெய்ல். மத்தவங்க எல்லாம் சும்மா மடிச்சு வைக்கிறவங்க" என்று காதில் சொன்னாய். நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே பாடம் தமிழ். துணி என்ற நம் சொல்லே வெட்டுவதுதான், துணித்தல் என்றால் வெட்டுதல், வெட்டி எடுத்த துண்டுதான் துணி என்றேன். பழைய தமிழில் துணிக்கு அறுவை என்றே ஒரு பெயர் உண்டு என்றும் சொன்னேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "அதான் நீ பேசுனா அறுவையா இருக்கு" என்றாய். பயிற்றுநர் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். வயதான இருவர் பள்ளிப் பிள்ளைகள்போல் இளித்துக்கொண்டிருந்தோம்.

அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

நீ வெட்டும் முறை கடைக்கே தெரியும். உருளையைத் தட்டி விரிப்பாய், மீட்டர் கோலை வைப்பாய், கேட்ட அளவு வந்த இடத்தில் கட்டை விரலை ஊன்றி, அதற்கு அப்பால் நாலு விரலைப் படுக்க வைப்பாய். அந்த நாலு விரலுக்கு வெளியேதான் கத்தரிக்கோல் விழும். ஒரு நறுக்கு, பிறகு இரண்டு கையாலும் நேராகக் கிழிப்பாய். ரவிக்கைத் துணி கேட்கிற நம் பெண்களுக்கும் அதுதான், பாஜு குரோங் உடை தைக்கத் துணி எடுக்க வரும், நாம் மக்சிக் என்று கூப்பிடும் மலாய் அம்மாக்களுக்கும் அதுதான். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும், தையல்காரர் ஓரத்தில் கொஞ்சம் தின்பார், அந்த இரண்டுக்கும் சேர்த்து நாலு விரல். "உடுத்துறவங்க ஒடம்புக்குக் கொறையக் கூடாது" என்பாய். உன் வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இதே சாலையில் துணி விற்றவர், அவரும் அப்படித்தான் வெட்டுவார் என்பாய். பழைய முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. மக்சிக்குகள் வேறு மேசை காலியாக இருந்தாலும் உன் மேசையில்தான் வரிசை பிடிப்பார்கள்.

மகன் வந்ததும் உருளைக்கு உருளை கணினியில் ஏற்றினார்கள். எத்தனை மீட்டர் வந்தது, எத்தனை மீட்டர் விற்றது என்று அது சொல்லும். ஏற்றிய கொஞ்ச நாளில் அந்தக் கூட்டம் வந்தது.

அதே மூன்றாம் மாடி. மகன் முன்னால் நின்று திரையில் காட்டிக் காட்டிப் பேசினான். துணிப் பிரிவில் 'ஷ்ரிங்கேஜ்' அதிகம், போன வருடத்தைவிட அதிகம், இது கடைக்குப் பெரிய பிரச்சினை என்றான். நமக்குத் தெரிந்த ஷ்ரிங்கேஜ் ஒன்றுதான். துணி சுருங்குவது. வாங்கிப்போனவர்கள் யாரோ சுருங்கிவிட்டது என்று புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நீ எழுந்து நின்றாய். குரலில் அத்தனை பெருமை.

"சார், அந்த ஷ்ரிங்கேஜுக்காகத்தான் நான் ஒவ்வொரு தடவையும் நாலு விரல் விடுறேன். எல்லாருக்கும் விடுறேன்."

மகனின் முகம் மாறியது. அடுத்த படத்தைத் திரையில் தட்டினான். ஷ்ரிங்கேஜ் ஏன் வருகிறது என்று கீழே கீழே எழுதியிருந்தது. முதலில் இருந்தது திருட்டு. அடுத்தது ஊழியர் திருட்டு. கடைக்காரர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சரக்கு காணாமல் போவது என்று பொருள். அது நமக்கு யாரும் சொல்லித்தராத பாடம். ரீடெய்லுக்குப் பிரெஞ்சு வரைக்கும் போய் வேர் தேடிய அந்தக் கோட்டுப் பெண், பின்னால் இதே மாடியில் நம் தலையில் விழப்போகிற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் எழுந்தேன். அவங்க சொல்றது துணி சுருங்குறத, நீங்க சொல்றது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க என்றேன். இன்னும் பேசியிருப்பேன். நீதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். நீ திருடவில்லை என்று அந்த அறையில் ஒரு ஆள் முழுதாகச் சொல்லி முடித்திருக்க வேண்டிய நேரம் அது. நீயே என்னைத் தடுத்தாய். இதற்காக உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் நீ இல்லாமல் போனதால் தீர்ந்துவிடவில்லை, தெரிந்துகொள்.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. உன்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வியாபாரம் மந்தம், ரெட்ரெஞ்ச் பண்ண வேண்டியிருக்கிறது என்றார்கள். ஆட்குறைப்பு என்று நம் தமிழ்ச் செய்தியில் நாகரிகமாகச் சொல்வார்களே, அது. குறைத்தது ஒரே ஒரு ஆளை. திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிரூபிக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லாமலே உன்மேல் ஒட்டிவிட்டு, கையில் ஓர் உறையும் பழக்கூடையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தேக்கா சந்தையில் நாம் எப்போதும் உட்காரும் மேசையில் உட்கார்ந்தோம். மத்தியான வெயிலில் மீன் கடைப் பக்கமிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. நீ பால் சேர்க்காத தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு, பையன் மரியாதையாகத்தான் பேசினான், உட்காரச் சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டான் என்றாய். தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன் என்றும் சொன்னாய். எதற்குத் தேங்க் யூ என்று கத்தினேன். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார். நீ கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்து என் பக்கம் நீட்டினாய்.

"விடு லா. வயசாச்சு, வீட்ல இருக்கேன்" என்றாய்.

அன்று ராத்திரி என் மகள்தான் கைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள். ரெட்ரெஞ்ச் என்ற சொல்லும் பிரெஞ்சிலிருந்துதான் வந்ததாம். அதற்கும் பொருள் வெட்டுவதுதானாம். ரீடெய்லுக்கு ஒரு வெட்டு, ரெட்ரெஞ்சுக்கு ஒரு வெட்டு. இரண்டும் ஒரே ஊர், ஒரே வேலை. அடுத்த நாள் உனக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. "வெட்டுறவளையே வெட்டிட்டாங்க, அவ்வளவுதானே" என்று சொல்லி, சோறு வைத்தாயா என்று பேச்சை மாற்றினாய்.

நான் உன்னைக் கோழை என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நீ ஒன்றும் உறைக்காதவள் அல்ல என்று பிறகு தெரிந்தது.

கடையில் பேச்சு பரவியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. நாலு விரல் என்று வெளியில் சொன்னாள், எத்தனை மீட்டர் வீட்டுக்குப் போனதோ என்றார்கள். பட்டுப் பிரிவில் இருக்கும் பெண், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் தோ பாயோவில் தங்கள் அடுக்குமாடியில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தீவில் நமக்குள் ஒரு பேச்சு போகிற வேகம் உனக்குத் தெரியாததா. ஒரு வெள்ளிக்கிழமை, பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி சந்தையில் உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னை அழைத்தாய். நான் கடையில் இருந்தேன், கையில் பாதி வெட்டிய துணி.

"நான் எடுத்தேனா புள்ள?" என்றாய்.

இல்லை, ஒரு நூல்கூட எடுக்கவில்லை, எனக்குத் தெரியாதா என்றேன். பிறகு சொன்னாய்.

"நீ சொல்லி என்ன ஆவுது. அவங்கல்ல சொல்லணும்."

உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேலை வேண்டாம், காசு வேண்டாம், கடையில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து நீ எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நான் முதலாளி மகனிடம் போய்க் கேட்டேன். "ஆன்ட்டி, நாங்க அவங்கள எடுத்தாங்கன்னு சொல்லவே இல்லையே" என்றான். சொல்லாத ஒன்றை எப்படித் திரும்பப் பெறுவது என்றான். படித்தவன் அல்லவா, பதிலும் படித்த மாதிரியே வந்தது.

அதற்குள் உனக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மருத்துவர் சொன்ன காரணம் வேறு, அதை நான் மறுக்கவில்லை. வருத்தத்தால் செத்தாள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். வருத்தத்தோடு செத்தாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குவீன்ஸ்டவுனில் உன் வீட்டுக்கு வந்தபோது தாழ்வாரம் முழுக்கச் செருப்பு. முதலாளி மகனும் வந்திருந்தான். உன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கம்மா எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்னும் ஒரு வாக்கியம் சொல்வான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. உன்னை எடுத்துப்போன பிறகு, வந்தவர்களுக்கு உன் மருமகள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, எனக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிப் போனான்.

இதோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

இந்தத் தீபாவளிக்குக் கடையில் ஒரு விளம்பரம் வைத்திருக்கிறார்கள். வாசலில் ஆள் உயரத்துக்குப் பதாகை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'அளவுக்கு மேல் நாலு விரல். எங்கள் கடையின் பரம்பரை வழக்கம்.' நான் அதன் முன்னால் நின்று மறுபடி மறுபடி படித்தேன். எதற்காக உன்னை வெட்டினார்களோ அதுவே இப்போது பரம்பரை. யாருடைய பரம்பரை? உன் வாப்பாவுடையது. கீழே சின்ன எழுத்தில், தீபாவளி வரைக்கும் மட்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குவோருக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. ரவிக்கைத் துணி வாங்க வருகிற ஏழைப் பெண்ணுக்கு நாலு விரல் கிடையாது. துணி அவளுக்கு மட்டும் சுருங்காது போலிருக்கிறது.

அந்த விளம்பரத்துக்கு ஒரு காணொளியும் எடுத்தார்கள். பழைய ஆள் நான்தான் மிச்சம், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் விளக்குப் போட்டு, சிவப்புப் பருத்தி உருளை ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். கேமரா பிடிக்கிறவரிடம் மகன் என்னை அறிமுகப்படுத்தினான். நாலு விரல் வைத்து வெட்டிக்கொண்டே, எங்க கடையில அன்பு அளவுக்கு மேலே என்று நான் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சரி என்றேன். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. நீ கேட்டாயே, அவங்கல்ல சொல்லணும் என்று. கடையின் விளக்கில், கடையின் கேமராவில், கடைக்காகப் பேசுகிற வாயால் சொன்னால் அது கடை சொன்னதுதானே என்று கணக்குப் போட்டேன்.

கோலை வைத்தேன். கட்டை விரலை ஊன்றினேன். நாலு விரலைப் படுக்க வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தேன். உன் பெயரை முழுதாக, வாப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். "இந்த நாலு விரல் அவங்களோடது. இதுக்காகத்தான் அவங்கள நிறுத்துனாங்க. அவங்க எதையும் எடுக்கல" என்றேன். நறுக்கினேன், கிழித்தேன். துணி நேராகக் கிழிந்தது.

கேமராக்காரர் "கட்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பாய். மகன் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து, "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி, ரொம்ப எமோஷனல். அந்தக் கடைசி லைன் மட்டும் வேணாம், இன்னொரு தடவை போவோமா" என்றான். இன்னொரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. அது அவர்களுக்குத் தேவையாகவும் இல்லை. அடுத்த வாரம் காணொளி வந்தது. என் கை இருக்கிறது, நாலு விரல் இருக்கிறது, சிவப்புத் துணி கிழிகிறது. நாதஸ்வரம் வாசிக்கிறது. என் முகமும் இல்லை, பேச்சும் இல்லை, உன் பெயரும் இல்லை. வாசலில் ஒரு திரையில் அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வெட்டுகிற மேசையிலிருந்து பார்த்தால் தெரியும்.

முதல் சில நாள் வேலைக்குப் போகவே கசந்தது. என் கையைக் கொண்டே உன்னை இரண்டாம் முறை வெட்டினார்கள் என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என் மேசைக்கு வந்து, நாலு விரல் உண்டுதானே என்று கேட்க ஆரம்பித்தார்கள். எத்தனை தொகைக்கு வாங்கினாலும் உண்டு என்று சொல்லி எல்லோருக்கும் வைக்கிறேன். கணினி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். விரலைப் படுக்க வைத்துக்கொண்டே, இதை இங்கே ஆரம்பித்தது யார் தெரியுமா என்று கேட்கிறேன். உன் பெயரைச் சொல்கிறேன். பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை, கைபேசியைப் பார்க்கிறார்கள். மலாய் மக்சிக் ஒருவர் உன்னை நினைவு வைத்திருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒருவர்தான்.

உன்னைப் பற்றிய பொய்யை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. இந்த மேசையில் ஒருத்தருக்கு, அந்த அடுக்குமாடியில் ஒருத்தருக்கு என்று துண்டு துண்டாகத்தான் போயிற்று. ரீடெய்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டாம், கேட்ட பேச்சை ஆளாளுக்குச் சொல்லிப் பரப்புவது. அதையும் என் மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

நேற்று தோ பாயோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் உன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "துணி எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே, அவங்களா?" என்று கேட்டாள். இல்லை, எடுக்கவில்லை, கொடுத்தார்கள் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, சரி என்றாள். துணியை வாங்கிக்கொண்டு பணம் கட்டப் போனாள்.

மொத்தமாகச் சொல்ல வந்தேன், விடவில்லை. சில்லறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.